வலது கால் முன்னுக்கு

நோர்பரி, லண்டன்
6 ஒக்ரோபர் 2025

தாரகா மச்சாளுக்கு,

நீங்கள், ஞானம் அண்ணை, மகள் மேனுஷா எல்லாரும் சுகமா இருப்பியள் எண்டு நினைக்கிறன். நான் சுகம்.

மச்சாள் எண்டு எழுத எனக்கு இனி உரிமை இல்லை எண்டு சொல்லுவியள். பத்து வருசம் கூப்பிட்ட முறை. வேற ஒண்டும் வாயில வருகுதில்லை. வாட்சப்பில என்னை மறிச்சு வைச்சிருக்கிறியள், போனும் போகுதில்லை. பழைய பார்சல் பெட்டி ஒண்டில உங்கட விலாசம் கிடந்தது. அதாலதான் கடிதம்.

சுத்தி வளைக்கேல்லை. பனியில சறுக்க எனக்கு ஒரு ஸ்னோபோர்ட் பலகை வாங்க வேணும். எதை வாங்கிறது எண்டு நீங்கள் சொல்ல வேணும்.

உங்கட தம்பியை விட்டிட்டு வந்து ரெண்டு வருசமாகுது. வந்த கையோட ஹெமலில இருக்கிற உள்ளரங்கப் பனிச்சரிவில வகுப்புக்குச் சேர்ந்தனான். போன மாசியில அங்க பழகின ஆக்களோட பிரான்சுக்குப் போய் ஒரு கிழமை ஓடினனான். நீல அடையாளம் போட்ட சுகமான பாதையளில இப்ப பயமில்லை. சிவப்பு போட்ட செங்குத்துகளில இறங்குவன், ஆனால் வடிவா இல்லை. வாடகைப் போர்ட் அலுத்துப்போச்சு. ஒவ்வொருக்காவும் வேற போர்ட், வேற குணம். ஒழுங்குபடுத்தின பாதைக்கும், பாதையோரத்துப் புதுப் பனிக்கும், பின்னேரம் கட்டியாகிக் கிடக்கிற பனிக்கும் சேர்த்து ஒண்டு வேணும்.

சென்ரல் லண்டனில ஒரு கடைக்குப் போனன். அங்க விக்க நிண்ட பெடியன் முதல் ஒரு ரோசா நிறப் போர்ட்டைக் காட்டினான், வாழைமட்டை மாதிரி வளையுது. வேண்டாம் எண்டன். உடன விறைச்ச ஒண்டைத் தூக்கினான், நூற்று ஐம்பத்திரண்டு சென்ரிமீற்றர். "ஓடஓடப் பழகிடுவியள்" எண்டான். இன்ரநெற்றில பாத்தால் எல்லாப் போர்ட்டும் எல்லா மலைக்கும் எல்லாருக்கும் பொருந்துமாம்.

நீங்கள் இருபது வருசமா மலையடிக் கடையில ஆக்களுக்குப் போர்ட் தெரிஞ்சு குடுக்கிறனீங்கள். முகத்துக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லி எனக்கு உங்களைத் தெரியாது. அதாலதான் உங்களைக் கேக்கிறன்.

கம்சிகா


கூர், சுவிஸ்
17 ஒக்ரோபர் 2025

கம்சிகாவுக்கு,

கடிதம் கிடைச்சுது. நாங்கள் சுகம். நீரும் சுகம் எண்டு எழுதியிருந்தீர். என்ர தம்பி சுகம் எண்டு எழுத எனக்குக் கை வருகுதில்லை.

சுஜீத் இல்ஃபோர்ட் வீட்டில தனிய இருக்கிறான். பாணும் சம்பலும்தான் சாப்பாடு. மருமகள் எங்கை எண்டு சனம் கேக்கும் எண்டு அம்மா கோயிலுக்குப் போறதையே விட்டிட்டா. இதெல்லாம் நடக்கேக்க நீர் பிரான்சில பனியில ஓடினனீர். அங்க பழகின "ஆக்கள்" எண்டு எழுதியிருந்தீர். அந்த ஆக்களில ஒராள் ஆரெண்டு சுஜீத் எங்களுக்கு எப்பவோ சொல்லிட்டான். உம்மட போர்ட்டை அவரிட்டைக் கேளும்.

உண்மையைச் சொன்னால், உந்த விளையாட்டு உமக்கு ஒருநாளும் சரிவரேல்லை. அதை நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள். நாப்பது வயசு கிட்டுது, கை காலை முறிக்காமல் இரும்.

இனி எழுத வேண்டாம்.

தாரகா ஞானேஸ்வரன்

பி.கு: உம்மட உயரத்துக்கு நூற்று ஐம்பத்திரண்டை, அதுவும் விறைச்சதைத் தூக்கினவன், போர்ட் விக்க வந்தவனோ கதவு விக்க வந்தவனோ தெரியேல்லை. அதை வாங்காதையும்.


நோர்பரி
28 ஒக்ரோபர் 2025

அன்பான மச்சாளுக்கு,

"அன்பான" எண்டது வழக்கத்துக்கு. எல்லாரும் சுகமா இருங்கோ, அது உண்மையாச் சொல்லுறன்.

எழுத வேண்டாம் எண்டு எழுதினவைக்கு பி.கு எதுக்கு? அந்த பி.கு வந்ததாலதான் திரும்ப எழுதிறன்.

அந்த "ஒராள்" எண்டு ஒராள் இல்லை. எனக்கு வகுப்பு எடுத்தவர் அறுபது தாண்டின வெள்ளைக்காரர். மனிசியும் அதே இடத்தில சின்னப் பிள்ளையளுக்கு வகுப்பு எடுக்கிறா. மத்தியானம் ரெண்டுபேரும் ஒரு பெட்டியில சாப்பிடுவினம். நான் அவையளோட இருந்து சாப்பிட்டனான். சுஜீத்துக்கு அதுக்கு மேல ஒண்டும் தெரியாது, ஏனெண்டால் அதுக்கு மேல ஒண்டும் இல்லை.

எல்லாரும் பாத்தனாங்கள் எண்டு எழுதினியள். ஓம், பாத்தனீங்கள். அஞ்சு வருசத்துக்கு முதல் ஒஸ்ரியாவில நான் விழுந்து விழுந்து எழும்பினதை சுஜீத் வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு, குடும்பக் குறூப்பில விட்டவர். ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு இலக்கம். ஃபாரஸ்ட் கேட்டில இருக்கிற மாமி அதைத் தன்ர கடைக்கு வாற ஆக்களுக்கும் காட்டினவ. நீங்கள் கண்ணில தண்ணி வரச் சிரிக்கிற முகம் மூண்டு போட்டனீங்கள்.

அப்ப நான் நிண்ட போர்ட் அவற்ற பழைய போர்ட். நூற்று ஐம்பத்தெட்டு, அகலமானது. அவருக்கு நாப்பத்தினாலு சைஸ் கால், எனக்கு முப்பத்தேழு. வகுப்பு வேண்டாம், நான் இருக்கிறன் எண்டார். மூண்டு குளிர்காலம் அதில நிண்டனான், அவர் நிக்கிற மாதிரியே இடது கால் முன்னுக்கு. ஹெமலில முதல் நாள் அந்த மனுசன் என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பின்னால இருந்து மெல்லத் தள்ளினார். என்ர வலது கால் முன்னுக்குப் போச்சு. திரும்பவும் தள்ளினார். திரும்பவும் வலது கால். "உங்களை ஆர் மற்றப்பக்கம் நிப்பாட்டினது?" எண்டு கேட்டார்.

ஒராள் கடை வாசலில ஏறேக்கையே அவருக்கு என்ன போர்ட் எண்டு நீங்கள் சொல்லுவியளாம், மேனுஷா பெருமையாச் சொல்லுறவள். அந்த வீடியோவில என்ர காலுக்குக் கீழ என்ன கிடந்தது எண்டு உங்களுக்குத் தெரிஞ்சுதோ, தெரியேல்லையோ? அதைச் சொல்லுங்கோ.

மற்றக் கேள்வியும் அப்பிடியே இருக்கு. நூற்று ஐம்பத்திரண்டு பிழை எண்டால் எது சரி?

கம்சிகா


கூர்
14 நவம்பர் 2025

கம்சிகாவுக்கு,

சுகம். நீரும் சுகமாத்தான் இருப்பீர், இவ்வளவு எழுதத் தெம்பு இருக்கு.

பழைய கதையள் கதைக்க எனக்கு நேரமில்லை. சீசன் தொடங்குது, கடையில பெட்டி உடைச்சுக்கொண்டு நிக்கிறன். போர்ட் பற்றி மட்டும் எழுதிறன். என்னட்டைக் கேட்ட ஒராள் பிழையான சாமானில விழுந்தால் அது எனக்குத்தான் வெக்கம். வேற ஒரு காரணமும் இல்லை.

உயரத்தை மட்டும் கேட்டுப் போர்ட் விக்கிறவனை நம்பாதையும். நிறைதான் முக்கியம். போர்ட்டை அமத்திறது உம்மட உயரம் இல்லை. உடுப்புச் சப்பாத்து இல்லாமல் நிறுத்து எழுதும். குறைச்சு எழுதாதையும், போர்ட்டுக்கு உம்மட பொய் விளங்காது. பனிச்சப்பாத்தின்ர சைஸ் என்ன? வெளிப்பக்கமா குதியில இருந்து நுனி மட்டும் அளந்து அதையும் எழுதும். என்ன வேகத்தில ஓடுறனீர்? பாயிறனீரோ? பின்பக்கமா ஓடத் தெரியுமோ? வேகம் எடுத்தால் உம்மட போர்ட் நடுங்குதோ, இல்லாட்டி நீர் நடுங்குறீரோ?

மார்கழி நடுவில சுஜீத் இங்க வாறான். வேலையை விட்டிட்டானாம். ரெண்டு மூண்டு மாசம் எங்களோட ஆறுதலா நிக்கட்டும். அக்கா எண்டு நான் ஒருத்தி இருக்கிறன்.

தாரகா


நோர்பரி
23 நவம்பர் 2025

மச்சாளுக்கு,

எல்லாரும் சுகமா? இங்க ஒரே மழை, வீட்டுச் சுவர் ஊறிப்போச்சு. நான் சுகம்.

நிறை ஐம்பத்தேழு. முதல் ஐம்பத்துமூண்டு எண்டு எழுதிப்போட்டு வெட்டினனான், வெட்டினது உங்களுக்குத் தெரியும். உயரம் நூற்று ஐம்பத்தெட்டு. சப்பாத்து முப்பத்தேழு, வெளி அளவு இருபத்தேழு சென்ரிமீற்றர். நடு வேகம். பாயிறதில்லை, பாயவும் ஆசையில்லை. பின்பக்கமா நீலப் பாதையில கொஞ்சத் தூரம் ஏலும். வேகம் எடுத்தால் முதல் போர்ட் நடுங்குது. அதைக் கண்டு நான் நடுங்குறன்.

நான் கேட்ட மற்றக் கேள்வியை நீங்கள் தாண்டிப் போட்டியள். தாண்டினதைக் கண்டனான்.

அவர் வாறது உங்கட வீட்டு விசயம். ஒண்டு மட்டும் எழுதிறன். மேனுஷா விழுந்தால் தானே சிரிச்சுக்கொண்டு எழும்பிற பிள்ளை. அவளை அப்பிடியே இருக்க விடுங்கோ.

கம்சிகா


கூர்
3 டிசம்பர் 2025

கம்சிகாவுக்கு,

சுகம். கேட்டதுக்குப் பதில்.

நூற்று நாப்பத்தாறு வாங்கும். ரெண்டு கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை, நூற்று நாப்பத்தொன்பதுக்கு மேல போகாதையும். நூற்று நாப்பத்தினாலுக்குக் கீழ குறைஞ்சால் திருப்பச் சுகம், ஆனால் வேகத்தில நடுங்கும். உமக்கு இப்ப நடுங்கிறது அதுதான். வாடகைக் கடையள் எல்லாருக்கும் கட்டையான, மெதுவான போர்ட்டைத்தான் குடுப்பினம்.

பொம்பிளையளுக்கெண்டு செய்ததை வாங்கும். பூப்படத்துக்காக இல்லை. அதின்ர இடுப்பு, அதாவது நடுப்பகுதி, ஒடுக்கம். சின்னச் சப்பாத்தோட அகலமான போர்ட்டில நிண்டால் பெருவிரலும் குதியும் விளிம்புக்கு எட்டாது. எட்டாட்டி விளிம்பை அமத்த ஏலாது. அமத்தாட்டிப் போர்ட் திரும்பாது. ஆள் தோளால இழுக்கும், போர்ட் வராது, பின்பக்க விளிம்பு தடக்கும், ஆள் மல்லாக்க விழும். எத்தினை வருசம் பழகினாலும் விழும்.

விறைப்புப் பத்துக்கு அஞ்சு. ரெண்டு மூண்டு எண்டால் பழகிறவைக்கு. எட்டு ஒன்பது எண்டால் பாறையில இருந்து குதிக்கிறவைக்கு. நடுவில நிக்கிறவைக்கு நடு விறைப்பு.

போர்ட்டைத் தரையில வைச்சுப் பக்கத்தால பாரும். கால் வைக்கிற நடுப்பகுதி வில்லு மாதிரித் தரையை விட்டு எழும்பி நிக்க வேணும், அதுதான் ஐஸில பிடிக்கும். முன் நுனி, மூக்குப்பக்கம், கொஞ்சம் முந்தியே மேல எழும்ப வேணும், அது புதுப் பனிக்குள்ள தாழ விடாது. நுனி தொடக்கம் நுனி மட்டும் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சதை ஆர் சொன்னாலும் எடுக்காதையும், கட்டிப் பனியில சோப்பு மாதிரி வழுக்கும். முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே வடிவம், மூக்கு மட்டும் கொஞ்சம் நீளம். அப்ப பின்பக்கமாவும் ஓடலாம், ஆழப் பனியிலயும் மிதக்கும். இவ்வளவும் இருந்தால் எந்தக் கொம்பனி எண்டாலும் பரவாயில்லை. பேருக்காக வாங்காதையும்.

சப்பாத்தைப் பூட்டிற பிடியும் நடு விறைப்பில எடும். முன்காலுக்குப் பதினைஞ்சு பாகை, பின்காலுக்கு எதிர்ப்பக்கம் ஆறு. வலது கால் முன்னுக்கு.

உம்மட கடைசி வசனத்தைப் பற்றி. மேனுஷாவைப் பற்றி எழுத உமக்கு ஆர் உரிமை தந்தது? அவள் பிறந்த மூண்டாம் நாள் அவளைத் தூக்கினவன் என்ர தம்பி. நீர் அவளை எத்தினை நாள் கண்டிருப்பீர்? இனிமேல் அவளின்ர பேர் உம்மட கடிதத்தில வரக்கூடாது.

தாரகா


நோர்பரி
20 டிசம்பர் 2025

மச்சாளுக்கு,

வீட்டில எல்லாரும் சுகம் எண்டு நினைக்கிறன். நத்தார் நேரம், கடையில வேலை கூடவா இருக்கும்.

வாங்கீட்டன். நூற்று நாப்பத்தாறு. அதே கடை, அதே பெடியன். உங்கட கடிதத்தை மேசையில வைச்சு ஒவ்வொண்டாக் கேட்டன். நாலாவதில அவன் உள்ள போய் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் நேர மேல்தட்டில இருந்து ஒண்டை இறக்கினார்.

போன ஞாயிறு ஹெமலுக்குக் கொண்டுபோனன். ரெயினில எல்லாற்ற முழங்காலிலயும் இடிச்சு, பேச்சு வாங்கி. முதல் இறக்கத்தில திரும்பு எண்டு நினைச்சன், திரும்பீட்டுது. நான் இன்னும் தோளை இழுக்கக்கூட இல்லை. கீழ வந்து கரையில இருந்து அழுதனான். சந்தோசம் எண்டு நினைக்காதேங்கோ. கோவம். மூண்டு குளிர்காலம் நான் மொக்குக் கழுதை எண்டு நம்பி இருந்தனான். பனியில மட்டும் இல்லை.

"ஆள் தோளால இழுக்கும், போர்ட் வராது, ஆள் மல்லாக்க விழும்." உங்கட எழுத்து. நான் எப்பிடி விழுந்தனான் எண்டு உங்களுக்கு நான் ஒருநாளும் எழுதேல்லை. நீங்கள் வடிவாப் பாத்திருக்கிறியள்.

அதாலதான் திரும்பவும் கேக்கிறன். தெரிஞ்சுதானே சிரிச்சனீங்கள்?

கம்சிகா


நோர்பரி
27 ஜனவரி 2026

மச்சாளுக்கு,

சுகமா? மார்கழியில போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. கோவம் எண்டால் கோவம் எண்டு ஒரு வரி எழுதிறது. சும்மா இருக்கிற ஆள் இல்லை நீங்கள்.

வாற மாசம் நடுவில திரும்பப் பிரான்சுக்குப் போறன். ஒரு மணித்தியாலம் ஓடினால் பின் முழங்கால் உட்பக்கம் நோகுது. பிடியின்ர பாகையோ?

கம்சிகா


கடை, கூர்
5 பெப்ரவரி 2026

கம்சிகா,

இனி வீட்டு விலாசத்துக்கு எழுதாதையும். மேல கடை விலாசம் போட்டிருக்கிறன், அதுக்கு எழுதும். உறையில உம்மட பேர் வேண்டாம்.

முழங்காலுக்குப் பின்பிடியை ஆறில இருந்து ஒன்பதுக்குத் திருப்பும். ரெண்டு பிடியையும் ஒரு ஆணி ஓட்டை அளவு கிட்டக் கொண்டு வாரும். உமக்குக் கால் கட்டை, அகட்டி நிண்டால் நோகத்தான் செய்யும்.

மேனுஷா தை தொடங்கினதில இருந்து மலைக்குப் போறாள் இல்லை. அவளின்ர ஸ்னோபோர்ட் கிளப்பில இருந்து ரெண்டுதரம் கேட்டுப்போட்டினம். பின்னால நிண்டு பாத்தால் தன்ர தொடை வடிவில்லையாம். ஓடுற உடுப்புப் போடமாட்டாளாம். பதினைஞ்சு வயசில எல்லாப் பெட்டையளும் இப்பிடித்தான்.

வேற ஒண்டும் இல்லை. இவர் சுகம். நான் சுகம்.

தாரகா


நோர்பரி
12 பெப்ரவரி 2026

மச்சாளுக்கு,

சுகம் கேக்கேல்லை. நீங்கள் சுகமில்லை எண்டு தெரியுது.

அவளின்ர பேர் எழுதக்கூடாது எண்டனீங்கள், பிறகு நீங்களே எழுதினீங்கள். அதால நானும் எழுதிறன். எல்லாப் பெட்டையளும் அப்பிடி இல்லை. பதினைஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தன்னைப் பின்னால நிண்டு பாக்க ஏலாது. பின்னால நிண்டு பாத்துச் சொன்னது ஆரெண்டு அவளைக் கேளுங்கோ.

எனக்கும் அவர் அந்த வசனத்தோடதான் தொடங்கினவர். "பின்னால நிண்டு பாத்தால் நீர்..." எண்டு. பிறகு என்ர இங்கிலீசு. பிறகு நான் சிரிக்கிற விதம். ஒருநாளும் கை நீட்டேல்லை, சத்தம் போடேல்லை. எல்லாம் பகிடி. பகிடிக்கு அழுதால் அதுவும் ஒரு பகிடி.

இதை உங்களுக்கு எழுதக்கூடாது எண்டுதான் ரெண்டு வருசம் இருந்தனான். நம்பமாட்டியள் எண்டு தெரியும். இப்பவும் நம்பத் தேவையில்லை. அவளைக் கேளுங்கோ.

கம்சிகா


கடை, கூர்
11 மார்ச் 2026

கம்சிகாவுக்கு,

கேட்டன்.

அவள் சொல்லேல்லை. "ஒருத்தரும் இல்லையம்மா" எண்டு சொல்லிப்போட்டு யன்னலைப் பாத்தாள். நான் விடேல்லை. வாற ஞாயிறு கிளப் ஓட்டம், நீ ஓடுறாய் எண்டு சொன்னன். ஓடினாள். ரெண்டாவது திருப்பத்தில விழுந்தாள். பெரிய விழுகை இல்லை, எழும்பி முடிச்சாள். நான் கீழ கடைசிக் கோட்டில நிண்டனான். அவள் சப்பாத்துக் கழட்ட முதல் என்ர போன் சத்தம் போடத் தொடங்கீட்டுது. குடும்பக் குறூப்பில வீடியோ. விழுந்த இடத்தை மெதுவா ஓட விட்டு, அவளின்ர பின்பக்கத்தைக் கிட்டக் காட்டி, "எங்கட குட்டி யானை" எண்டு சுஜீத் எழுதியிருந்தான். ஃபாரஸ்ட் கேட் மாமி முதல் ஆளாச் சிரிச்சிருந்தா. பிறகு எல்லாரும்.

மேனுஷா என்ர தோளுக்கு மேலால பாத்துக்கொண்டு நிண்டவள். போர்ட்டைப் பனியிலயே விட்டிட்டுக் காருக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து அவனை "உதை அழி" எண்டன்.

"பகிடிக்குத்தானே அக்கா."

"அழி எண்டு சொல்லுறன்."

"முந்தி உனக்குப் பகிடி விளங்கிறது" எண்டான். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னான்.

பெட்டியைக் கட்டு எண்டன். இவர் சமைச்ச கையைத் துடைச்சுக்கொண்டு வந்து கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டார். இவர் கோவிச்சு நான் கண்டதில்லை.

அவன் இப்ப எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்லுறான், நீர் கடிதம் எழுதி என்னைக் கெடுத்திட்டீராம். அம்மா என்னோட கதைக்கிறா இல்லை. ஃபாரஸ்ட் கேட் மாமி குறூப்பில இருந்து என்னைக் கழட்டிவிட்டிட்டா. உம்மட கடிதம் ஒண்டின்ர உறையை அவன் தையில எடுத்தவன், உம்மட நோர்பரி விலாசம் அவனுக்குத் தெரியும். சனிக்கிழமை லண்டன் வந்து இறங்கிறான். வாசல் பூட்டை மாத்தும். ஆர் மணி அடிச்சாலும் பாத்திட்டுத் திறவும்.

நான் உம்மை நல்லவள் எண்டு சொல்ல வரேல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போனனீர். என்னட்ட ஒருக்கா வந்து சொல்லியிருக்கலாம். ரெண்டு வருசம் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டு, என்ர பிள்ளையில வந்த பிறகு எழுதிறீர்.

மலை சித்திரை நடு மட்டும் திறந்திருக்கும். மேனுஷா தனிய ஓடமாட்டாளாம், என்னோடயும் மாட்டாளாம். "கம்சிகா மாமி நல்லா ஓடுறாவோ?" எண்டு கேட்டாள். எனக்குத் தெரியாது எண்டன். நீர் வாறதெண்டால் போர்ட்டைக் கொண்டு வாரும். விளிம்பு தீட்டித் தருவன்.

தாரகா


நோர்பரி
21 ஏப்ரல் 2026

மச்சாளுக்கு,

சுகமா வந்து சேர்ந்தன். நீங்கள் கட்டித் தந்த இடியப்பப் பார்சலை விமான நிலையத்தில திறந்து பாத்திட்டு விட்டவங்கள். நீங்கள், ஞானம் அண்ணை, மேனுஷா மூண்டுபேரும் சுகமா இருங்கோ.

பூட்டு மாத்தினதால நல்லதாப் போச்சு. பங்குனி கடைசியில ஒருநாள் பின்னேரம் அவர் வந்து மணி அடிச்சவர். கதவுக்குப் பின்னால நிண்டு, போகாட்டிப் பொலிசுக்கு எடுப்பன் எண்டு சொன்னன். "ரெண்டு பொம்பிளையளும் சேர்ந்திட்டியள்" எண்டார். நாங்கள் சேரேல்லை எண்டு சொல்ல வேணும் போல இருந்தது. சொல்லேல்லை. போயிட்டார்.

உங்கட வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள சண்டை பிடிச்சனாங்கள். நான் உதவி கேட்டிருக்கலாம் எண்டு நீங்கள், கேட்டால் சிரிச்சிருப்பியள் எண்டு நான். மற்ற நாளும் பிடிச்சனாங்கள். சொல்லியிருக்கலாம் எண்டு நீங்கள் எழுதினதுக்கு இப்பவும் என்ர பதில் ஒண்டுதான்: ஆரிட்டைச் சொல்லுறது? சிரிச்ச ஆளிட்டையோ?

ஆனால் நீங்கள் தீட்டின விளிம்பு நல்ல விளிம்பு. காலமை ஐஸில கத்தி மாதிரிப் பிடிச்சுது. சிவப்புப் பாதையில மேனுஷாவுக்குப் பின்னால இறங்கினன். அவள் ஒவ்வொரு திருப்பத்திலயும் நிண்டு நிண்டு பாத்தாள், நான் வாறனோ எண்டு. மத்தியானத்துக்குப் பிறகு நிக்கிறதை விட்டிட்டாள். அவளின்ர உடுப்பை அவள் மறந்துபோனதைக் கண்டனான். நீங்களும் கண்டனீங்கள். முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக் கண்ணாடியைத் துடைச்சனீங்கள்.

கடைசி நாள் மலைக்கு ஏத்திற கதிரை லிஃப்ற்றில நாங்கள் மூண்டுபேரும் இருந்தது ஞாபகம் இருக்கும். அவள் நடுவில. காத்து, ஒண்டும் கேக்கேல்லை எண்டு நீங்கள் பிறகு சொல்லலாம். அதால எழுதிறன். அவள் என்ர கையுறையை இழுத்தாள். "மாமி, உங்கட அந்த வீடியோவை நானும் பாத்தனான். எனக்கு அப்ப பத்து வயசு. எல்லாரும் சிரிச்சவை, நானும் சிரிச்சனான். ஸொறி" எண்டாள். நான் அவளின்ர தலைக்கவசத்தில தட்டினன்.

நீங்கள் மலையைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். லிஃப்ற் மேல போய்ச் சேருமட்டும் பாத்தனீங்கள். பிறகு "இறங்கப் போறம், நுனியைத் தூக்குங்கோ" எண்டு சொன்னியள்.

வாற வருசமும் வாறன். அவளுக்குச் சொல்லிப்போட்டன், இப்ப பின்வாங்க ஏலாது. வாற வருசமும் உங்களோட சண்டை பிடிப்பன்.

அவள் சொன்னது அவளின்ர. அதை நான் ஏற்றுக்கொண்டிட்டன். நீங்கள் சொல்லுவியள் எண்டு இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.

கம்சிகா